ஒளிச்சுழி: 'வோர்டெக்ஸ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

லேசர் ஆய்வுகளைப் பற்றித் தமிழில் எழுத உட்காருபவர்களை 'ஆப்டிகல் வோர்டெக்ஸ்' என்ற சொல் சற்று நிறுத்திவைக்கும். 'ஒளிச்சுழல்' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், பெரிய தவறில்லை. ஆனால் பொருளைக் கூர்ந்து பார்த்தால் 'ஒளிச்சுழி'தான் பொருந்தும் என்பது என் கட்சி.

முதலில் பொருள். சாதாரண லேசர் கற்றையில் அலைமுகங்கள் தட்டையாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. கற்றையின் நடுப்பகுதிதான் மிகப் பிரகாசமாக இருக்கும். ஒளிச்சுழி கொண்ட கற்றையில் அலைமுகம் அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டு முன்னேறுகிறது. அச்சை ஒருமுறை வலம்வந்தால் அலையின் கட்டம் (ஏற்ற இறக்கத்தில் அலை எந்த நிலையில் இருக்கிறது என்பது) 360 பாகையோ அதன் முழு மடங்கோ மாறியிருக்கும். அப்படியானால் அச்சின்மேல் கட்டம் என்ன? எல்லா மதிப்புகளும் அங்கே வந்து கூடுவதால் எதையும் சொல்ல முடியாது. கட்டத்துக்கு மதிப்பில்லாத இடத்தில் அலைக்கு வீச்சும், அதாவது ஏற்ற இறக்கத்தின் அளவும், இருக்க முடியாது. ஒளி அங்கே அறவே இல்லை. திரையில் விழுத்தினால் உளுந்து வடையைப் போல நடுவில் ஓட்டையுடன் ஒரு வளையம் தெரியும்.

இனி சொல்லின் பிறப்பு. 'திருப்பு' என்ற பொருளுடைய 'வெர்டெரெ' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது வோர்டெக்ஸ். இலத்தீனில் வோர்டெக்ஸும் வெர்டெக்ஸும் ஒரே சொல்லின் இரு வடிவங்களே. நீர்ச்சுழிக்கும் அதுதான் பெயர், தலையின் உச்சிக்கும் அதுதான் பெயர். முடி சுழித்துக்கொண்டு முளைக்கும் இடம் உச்சியில் இருப்பதே காரணம். பிற்காலத்தில் பிரிவினை நடந்து, சுழி வோர்டெக்ஸுக்கும் உச்சி வெர்டெக்ஸுக்கும் போயின. வடிவியல் பாடத்தில் முக்கோணத்தின் உச்சி என்று நாம் படிப்பது அந்த இரண்டாவது பங்கு. ஆற்றுச் சுழிக்கும் தலைச்சுழிக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் தமிழருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. மாட்டின் சுழி பார்த்து விலை பேசியவர்களுக்கு இன்னும் தெளிவாகவே விளங்கும்.

அறிவியலில் இச்சொல் பல கை மாறியது. கோள்களை நுண்பொருளின் சுழிகள் இழுத்துச் செல்வதாக 1644இல் டெக்கார்ட் எழுதினார். 1858இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பாய்மச் சுழிகளுக்குக் கணிதம் கொடுத்தார். அணுவே, ஒளி பரவும் ஊடகமாக அன்று கருதப்பட்ட ஈதரில் உள்ள ஒரு சுழி வளையம் என்று 1867இல் கெல்வின் சொன்னார். அழகான கருத்து, ஆனால் நிலைக்கவில்லை.

ஒளிச்சுழிக்கு நெருங்கிய மூதாதையைக் கடல் ஓதத்தில்தான் தேட வேண்டும். வட கடலின் நடுவே நீர்மட்டம் ஏறவும் இறங்கவும் செய்யாத ஓர் இடம் இருக்க வேண்டும், ஓதம் அதைச் சுற்றிவர வேண்டும் என்று 1836இல் வில்லியம் ஹ்யூவெல் கணித்தார். ('சயன்டிஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை உருவாக்கியவரும் இவரே.) கருத்து அதேதான்: நடுவில் சுன்னம் (பூஜ்யம்), சுற்றிலும் திரும்பும் கட்டம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜான் நை, மைக்கேல் பெரி என்ற இரு இயற்பியலாளர்கள் இதைப் பொதுவான அலைகளுக்கு விரித்தது 1974இல். நை பனியாறுகளை ஆராய்ந்தவர். துருவப் பனிப்படலத்திலிருந்து திரும்பும் ரேடியோ எதிரொலிகளே அவரை இந்த வழிக்கு இழுத்தன. படிகக் குறைகளுக்கு உரிய 'டிஸ்லொகேஷன்' என்ற பெயரையே அவர்கள் அலைக்கும் வைத்தார்கள். 'ஒளிச்சுழிகள்' என்ற பெயர் 1989இல் கூலே, ஜில், ரோக்கா மூவரின் கட்டுரைத் தலைப்பில் வந்தது.

1992இல் நெதர்லாந்தின் லைடனில் ஆலனும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டிய முடிவுதான் இத்துறையை வளர்த்தது. இப்படிப்பட்ட கற்றையின் ஒவ்வொரு ஃபோட்டானும், முறுக்கின் அளவுக்கு ஏற்ப, குறைத்த பிளாங்க் மாறிலியின் முழு மடங்காகக் கோண உந்தம் (பொருளைச் சுற்றவைக்கும் உந்தம்) சுமக்கிறது. இது ஃபோட்டானின் தற்சுழற்சியிலிருந்து (ஸ்பின்) வேறானது. தற்சுழற்சி ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது அலையின் மின்புலம் அதிரும் திசையை, சேர்ந்தது. அதைப் பாயின்டிங் 1909இல் ஊகித்தார். 1931இல் நம் ராமனும் பகவந்தமும் ஒளிச்சிதறலில் அதற்குச் சான்று கண்டதாக எழுதினார்கள். 1936இல் பெத், குவார்ட்ஸ் இழையில் தொங்கிய தட்டை ஒளி முறுக்குவதை அளந்தார். அலைமுகத்தின் முறுக்கால் வரும் உந்தத்துக்கு முனைவாக்கம் தேவையே இல்லை. 1995இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ஒளியை உறிஞ்சும் நுண்துகள்களைக் கற்றையின் இருண்ட நடுவில் சிறைப்பிடித்துச் சுற்றவைத்தார்கள். சுழியின் திசையை மாற்றியதும் துகள்கள் எதிர்ப்பக்கம் சுற்றின.

'சுழல்' என்ற சொல்லில் எனக்குள்ள தயக்கம் இங்கேதான். 'தற்சுழற்சி' பாடநூல்களில் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. ஒளிச்சுழல் என்று எழுதினால் மாணவர் முனைவாக்கத்தின் பக்கம் போய்விடுவார். பிரித்துக்காட்ட வேண்டிய இரண்டும் ஒரே வேரில் சிக்கிக்கொள்ளும். 'சுழி' அப்படியல்ல. அது நடுப்புள்ளியைச் சுட்டுகிறது. சுன்னத்தையும் குறிக்கிறது, 'சுழியம்' என்ற சொல்லே சான்று. நடுவில் ஒளி சுன்னமாவது இந்தக் கற்றையின் அடையாளம் மட்டுமல்ல, அதன் பயனும்கூட. 2014இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஸ்டெஃபான் ஹெல்லின் நுண்ணோக்கி முறையில், வளைய வடிவக் கற்றை சுற்றிலும் உள்ள மூலக்கூறுகளின் ஒளிர்வை அணைக்கிறது. இருண்ட நடுவில் இருப்பவை மட்டும் ஒளிர்கின்றன.

இன்னொரு வசதியும் உண்டு. 2010இல் உச்சிதாவும் டோனோமுராவும் எலக்ட்ரான்களை இப்படி முறுக்கினார்கள். 2021இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஹீலியம் அணுக்களிலும் அது நடந்தது. அங்கே 'ஒளி' பொருந்தாது. 'எலக்ட்ரான் சுழிக்கற்றை', 'அணுச் சுழிக்கற்றை' என்று தடையின்றி எழுதலாம்.

அலைமுகத்தின் வடிவத்துக்கும் சொல் நம்மிடம் இருக்கிறது: புரி. வலம்புரி, இடம்புரி என்று திசையும் சொல்லிவிடலாம். முறுக்கின் எண் மூன்றானால், அதாவது அச்சை ஒருமுறை வலம்வரும்போது கட்டம் மூன்று சுற்றுச் சுற்றினால், மூன்று அலைமுகங்கள் ஒன்றையொன்று பின்னிச் செல்லும். முப்புரி என்பதைவிடத் துல்லியமாக எந்தச் சொல் அதைச் சொல்லும்?

சிக்கல் அந்த எண்ணின் பெயரில்தான். ஆங்கிலத்தில் அதை 'டோபோலாஜிக்கல் சார்ஜ்' என்கிறார்கள். சார்ஜ் என்றதும் மின்னூட்டம் என்று மொழிபெயர்த்தால் பொருள் கெடும்; மின்சாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'சுழியெண்' என்றால் பூஜ்யம் என்று படிக்கப்படும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று எழுத்துப் பழகியவர்கள் 'மூன்று சுழி' என்று எழுத ஆசைப்படுவார்கள், அதுவும் ஆகாது. ஒரே சுழி மூன்று சுற்றுக் கொள்வது வேறு, மூன்று சுழிகள் இருப்பது வேறு. உண்மையில், எண் மூன்றுள்ள சுழி சிறு இடையூறு பட்டாலும் ஒற்றைச் சுழிகள் மூன்றாகப் பிரிந்துவிடும். அச்சை ஒருமுறை வலம்வரும்போது கட்டம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதுதான் இந்த எண்; 'சுற்றெண்' என்று சொன்னால் போதும்.