குறை கேட்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது?

கொழும்புக் கோட்டையில் ஒரு கணக்கு அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசி. மேலாளர் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, “இன்னும் கொஞ்சம் பொறுப்பாச் செய்யப் பாருங்கோ தம்பி” என்கிறார். கேட்டவருக்கு முகம் சுண்டிப்போகிறது. அரை மணிநேரத்துக்கு அந்தத் தாளைத் தொடவே மனம் வருவதில்லை. இதை ரோசம், தலைக்கனம் என்று சொல்லிவிடுகிறோம். அது நியாயமில்லை.

தவறைக் கண்டுபிடிக்க மூளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலையில் மின்முனைகளைப் பொருத்தி அளந்தால், விரல் தவறான பொத்தானை அழுத்தி 100 மில்லிசெக்கனுக்குள் முன்மூளைப் பக்கம் ஓர் எதிர்மின் அலை எழுவது தெரியும். 1990களின் தொடக்கத்தில் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே இதைக் கண்டார்கள். ‘பிழை’ என்று வெளியிலிருந்து தகவல் வந்தாலும், கால் செக்கன் கழித்து அதேபோன்ற அலை ஒன்று வருகிறது.

சிக்கல் அதற்கப்புறம்தான். மன அழுத்தம் பற்றிய 208 ஆய்வுகளை டிக்கர்சன், கெமெனி என்ற இருவர் 2004இல் தொகுத்துப் பார்த்தார்கள். அடுத்தவர் நம்மை எடைபோடுகிறார், நம் கையிலும் ஒன்றுமில்லை என்ற நிலை சேரும்போதுதான் கோர்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் மிக அதிகமாக ஏறியது. “பொறுப்பாச் செய்யுங்கோ” என்ற பேச்சில் இரண்டுமே இருக்கின்றன. ஆளை எடைபோடுகிறது, எதைத் திருத்துவது என்று சொல்லவில்லை.

குளூகர், டெனிசி என்ற உளவியலாளர்கள் 1996இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இதில் முக்கியமானது. கருத்துச் சொல்வதால் சராசரியாக வேலை மேம்பட்டது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட ஆய்வு முடிவுகளில் வேலை முன்பைவிட மோசமானது! கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற கேள்விக்குத் தாவினால் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பாராட்டும் அப்படித் தாவ வைக்கலாம்.

செட்டியார் தெரு நகைப் பட்டறையில் வேலை பழகும் பையனிடம் பத்தர், “இந்த மூட்டில பற்றவைக்கிற பொடி கூடிப்போச்சு, ஊதேக்க நெருப்பைத் தள்ளிப் பிடி” என்பார். மூட்டு கண்ணெதிரே, சூடு ஆறுமுன். பையனின் குணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அப்ரைசலைவிட இது எவ்வளவோ மேல் என்பேன்.

எல்லா மேலாளரும் அப்படிப் பேசமாட்டார்கள். அப்போது கேட்பவர் ஒரு கேள்வி போடலாம்: “சரி சேர், எந்த வரி பிழை?” “டொலர் பாக்கியை பில் தேதி விகிதத்தில போட்டிருக்கிறீங்கள், மாதக் கடைசி விகிதம் வேணும்.” அவ்வளவுதான். இருவர் கவனமும் தாளுக்குத் திரும்பிவிட்டது, திருத்தும் வழியும் கைக்கு வந்துவிட்டது. மனம் கொதித்தால் குறித்துக்கொண்டு, காலி வீதி பஸ்ஸில் போகும்போது ஆறுதலாக வாசிக்கலாம்.

அனுபவசாலிகளுக்கு ஒரு நற்செய்தி. பட்டர்ஃபீல்ட், மெட்கால்ஃப் என்ற உளவியலாளர்கள் 2001இல் காட்டியது இது: அரைகுறை நம்பிக்கையோடு சொன்ன பிழையான விடையின் திருத்தத்தைவிட, ‘நிச்சயம் இதுதான்’ என்று சொன்ன பிழையான விடையின் திருத்தம்தான் நன்றாக மனதில் பதிகிறது. எதிர்பாராத அதிர்ச்சி கவனத்தைக் கூட்டிவிடுகிறது. ஆகவே இருபது வருடம் கணக்குப் பார்த்தவரிடம் நேற்று வந்த பிள்ளை, “அண்ணே, இந்த விகிதம் மாறிட்டுது” என்று சொன்னால், அந்தத் திருத்தம் அவருக்குத்தான் மறக்காமல் நிற்கும். பிள்ளையைச் சொல்லி முடிக்க விடவேண்டும், அவ்வளவே.