வோல்ட்டேஜ் குறைந்தால் மோட்டார் காயில் ஏன் எரிகிறது?

மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை பொறுக்க முடியாதவர்கள் போர்செட்டை நம்பி நாற்று விடுகிறார்கள். மன்னார்குடி, நீடாமங்கலம், பாபநாசம் பக்கமெல்லாம் ஒரே நேரத்தில் மோட்டார்கள் ஓடும்போது, கம்பியின் கடைசியில் இருப்பவருக்கு வோல்ட்டேஜ் இறங்கிவிடுகிறது. பிறகு காயில் (மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) கட்டும் கடைக்கு அலைச்சல்.

மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும், அது குறைந்தால் சூடும் குறையும் என்றுதான் பள்ளியில் படித்தோம். அப்படியானால் மோட்டார் ஏன் எரிகிறது? நியாயமான கேள்வி. விடை ஸ்டார்ட்டர் பெட்டியின் முகப்பிலேயே இருக்கிறது. அங்கே வோல்ட் காட்டும் முள் ஒன்று, ஆம்பியர் காட்டும் முள் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலில் எளிய கணக்கு. வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 4.35 ஆம்பியர் எடுக்கும். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் மின்தடை: 230 ÷ 4.35, சுமார் 53 ஓம். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் திறன்: 1000 வாட். இந்த வகுத்தலுக்குப் பின்னால் இருக்கும் விதியை ஜெர்மானியரான ஓம் 1827இல் வெளியிட்டார். இனி அழுத்தம் 180 வோல்ட்டாக இறங்கட்டும். தடை அதே 53 ஓம். எனவே ஓட்டம் 3.4 ஆம்பியர், திறன் சுமார் 610 வாட். பெட்டி சரியாகச் சூடேறாது, வேட்டியில் சுருக்கம் போகாது. அவ்வளவுதான், எதுவும் எரியாது.

மோட்டார் அப்படிப்பட்டதல்ல. ஓடாமல் நிற்கும் மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் சில ஓம்கள்தான் காட்டும். மூன்று ஓம் என்று வைத்துக்கொள்வோம். 415 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 138 ஆம்பியர் வர வேண்டும். ஆனால் ஓடும் 5 எச்.பி. மோட்டார் எடுப்பதோ எட்டு ஆம்பியர் அளவுதான். மீதியைத் தடுப்பது எது? சுருளுக்குள் சுழலும் காந்தப்புலம் அந்தச் சுருளிலேயே எதிர் அழுத்தத்தை உண்டாக்குகிறது. வரும் அழுத்தத்தின் பெரும்பகுதியை அது ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே மோட்டாரைப் பொறுத்தவரை வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துக் கிடைக்கும் எண் செம்புக் கம்பியின் தடை ஆகாது. பம்பின் சுமைக்கு ஏற்ப அந்த எண் மாறிக்கொண்டே இருக்கும்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். நிலத்தடியிலிருந்து அதே தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்ற ஏறக்குறைய அதே திறன் வேண்டும். 5 எச்.பி. என்றால் 3730 வாட். மோட்டாரின் பயனுறுதிறனை (இழுக்கும் மின்திறனில் வேலையாக மாறும் பங்கை) 80 விழுக்காடாக எடுத்துக்கொண்டால், அது கம்பியிலிருந்து இழுக்க வேண்டியது சுமார் 4660 வாட். மும்முனை இணைப்பில் திறன் என்பது வோல்ட், ஆம்பியர், 1.73 (மூன்றின் வர்க்கமூலம்), திறன் காரணி (வோல்ட்-ஆம்பியர் பெருக்கலில் உண்மையான திறனாகும் பங்கு) ஆகிய நான்கின் பெருக்கல். திறன் காரணியை 0.8 என்று வைத்தால் 415 வோல்ட்டில் 8.1 ஆம்பியர் போதும். 330 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே திறனுக்கு 10.2 ஆம்பியர் வேண்டும். வோல்ட் முள் இறங்க, ஆம்பியர் முள் ஏறுகிறது.

8இலிருந்து 10 என்றால் சிறிய ஏற்றமாகத்தான் தோன்றும். ஆனால் கம்பியில் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதை ஜூல் 1841இலேயே எழுதிவிட்டார். 10.2ஐ 8.1ஆல் வகுத்து இருமடியாக்கினால் கிட்டத்தட்ட 1.6. சுருளுக்குள் வெப்பம் ஒன்றரை மடங்குக்கும் மேல்! சுருள் பத்து டிகிரி கூடுதலாகச் சூடேறினால் கம்பிக் காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. காப்பு கருகியதும் அடுத்தடுத்த சுற்றுகள் தொட்டுக்கொள்கின்றன, காயில் போய்விடுகிறது. மணல் சிக்கி ரோட்டர் (மோட்டாரின் சுழலும் பகுதி) அசையாமல் நின்றுவிட்டால் எதிர் அழுத்தம் சரிந்து, ஓட்டம் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை பாயும். அப்போது சில நிமிடங்கள்கூடத் தாங்காது.

இரண்டு முள்களும் சேர்ந்து வேறு சேதிகளும் சொல்லும். வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் மட்டும் ஏறினால் கோளாறு பம்பில்: மணல், தேய்ந்த பேரிங். வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் நன்றாக இறங்கினால் பெரும்பாலும் போரில் தண்ணீர் மட்டம் பம்புக்குக் கீழே போயிருக்கிறது. ஓவர்லோடு ரிலே (ஆம்பியர் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் கருவி) அடிக்கடி விழுகிறது என்று அதன் அளவைக் கூட்டி வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மோட்டாரின் பெயர்ப்பலகையில் பொறித்திருக்கும் ஆம்பியர்தான் ரிலேயின் அளவு.

கேபிளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1.15 ஓம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் மூன்று கம்பிகளிலும் சேர்த்து 345 வாட் வெறும் சூடாகப் போகும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் அதே தூரத்துக்கு இழப்பு 130 வாட்டுக்குள் அடங்கும். கொட்டகையிலிருந்து போர் தள்ளி இருப்பவர்கள் கேபிள் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.