ஹெல்மெட்டில் கட்டிய ரோச் லைற் எதைக் காட்டும், எதை மறைக்கும்?

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் நேராகப் போவதில்லை. ஒரு வளவின் வேலியோடு ஒட்டிப் போகும் பாதை, அந்த வளவு முடியும் இடத்தில் சட்டென்று செங்கோணமாகத் திரும்பும். அந்தத் திருப்பத்தைத்தான் முடக்கு என்கிறோம். இரவில் மோட்டார் சைக்கிளில் ஒரு முடக்கை நெருங்கும்போது முன்விளக்கு எதிரே இருக்கும் கிடுகு வேலியை ஓலை ஓலையாகக் காட்டும், ஆனால் நாம் திரும்ப வேண்டிய பக்கம் இருளில் கிடக்கும். பெரும்பாலான சிறிய மோட்டார் சைக்கிள்களில் விளக்கு ஹாண்டிலோடு சேர்ந்து திரும்புவது உண்மைதான் என்றாலும், ஹாண்டில் திரும்புவது முடக்குக்கு வந்த பிறகு. கண்ணும் தலையும் அதற்கு ஓரிரு செக்கன் முன்னரே திரும்பிவிடுகின்றன. தலையோடு திரும்பும் விளக்கு ஒன்று இருந்தால் நல்லது என்ற எண்ணம் இந்த ஓரிரு செக்கனுக்குள் எழுவதுதான்.

எனக்கு அது 2022ஆம் ஆண்டு எழுந்தது. அந்த ஆண்டு மார்ச் மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது வீதி விளக்கும் இல்லை, வீட்டு வாசல் விளக்கும் இல்லை. விரலளவு நீளமான இரண்டு ரோச் லைற்றுகளை, பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வார்களால் ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டேன். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் கழுத்து அந்தப் பக்கம் இழுபடும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. மற்ற விடயங்கள் தெரிய அதிக நாள் எடுத்தன. பாடப்புத்தகம் மின்சூள் என்று சொல்லும் இந்தச் சிறிய பொருள், கையில் இருக்கும்போது ஒருவிதமாகவும் தலையில் ஏறியதும் வேறுவிதமாகவும் நடந்துகொள்கிறது. அதற்குக் காரணம் விளக்கின் பிரகாசத்தைவிட, கண்ணிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில் பிரகாசத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கடையில் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் லூமன் என்ற அளவு, விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளியைக் குறிப்பது. அந்த ஒளி எவ்வளவு குவிந்து போகிறது என்பதை அது சொல்லாது. 200 லூமன் ஒளி 30 பாகை அகலமான கூம்பாக விரிந்தால் அதன் செறிவு ஏறத்தாழ 930 கன்டெலா. அதே ஒளியை 10 பாகைக் கூம்புக்குள் அடக்கினால் ஏறத்தாழ 8400 கன்டெலா. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும் என்ற விதிப்படி, 30 மீற்றருக்கு அப்பால் விரிந்த ஒளி 1 லக்ஸ் அளவிலும் குவிந்த ஒளி 9 லக்ஸ் அளவிலும் விழும் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்). ஆனால் குவிந்த ஒளி அந்தத் தூரத்தில் 5 மீற்றர் அகலத்தை மட்டுமே காட்டும், விரிந்ததோ 16 மீற்றரைக் காட்டும். முழுநிலவு நாளின் வெளிச்சம் ஏறத்தாழ கால் லக்ஸ்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த எண்கள் கைக்கு அடங்கும்.

இனி இடத்தின் கதை. என் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு நிலத்திலிருந்து ஏறத்தாழ 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, என் கண்கள் 140 செ.மீ. உயரத்தில், ஹெல்மெட்டில் கட்டிய ரோச் 150 செ.மீ. உயரத்தில். 15 மீற்றருக்கு முன்னால் வீதியில் 5 செ.மீ. ஆழமும் 80 செ.மீ. நீளமும் உள்ள ஒரு கிடங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்விளக்கின் ஒளி அவ்வளவு தூரத்தில் நிலத்தை உரசுவதுபோலச் சாய்ந்து வருவதால், கிடங்கின் இந்தப் பக்க விளிம்பு உள்ளே 83 செ.மீ. நீளமான நிழலை எறியும். அதாவது கிடங்கின் அடி முழுவதும் இருட்டு. கண் அதைவிட உயரத்திலிருந்து பார்ப்பதால் விளிம்பிலிருந்து 54 செ.மீ.க்கு அப்பால் உள்ள அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியும். எனவே வெளிறிய தாருக்கு நடுவில் ஒரு சாண் அகலமான கறுப்புப் பட்டை தெரிகிறது, "கிடங்கு" என்று மூளை சொல்கிறது, கை பிரேக்கைத் தேடுகிறது.

இதே கிடங்கை ஹெல்மெட் ரோச்சின் வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள். அது எறியும் நிழல் 50 செ.மீ. நீளம். கண்ணுக்குத் தெரியத் தொடங்குவதோ 54 செ.மீ.க்கு அப்பால். ஆகவே நிழல் முழுவதும் விளிம்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. கண் பார்க்கும் இடமெல்லாம் ஒளி பட்ட இடமாகவே இருக்கிறது. கிடங்கு இருக்கிறது, அதன் அடியில் வெளிச்சமும் இருக்கிறது, ஆனால் அது கிடங்கு என்று காட்டிக்கொடுக்கும் கறுப்புப் பட்டை இல்லை. வீதி கோலமாவு கொட்டித் தடவியதுபோல ஒரே சீராகத் தெரியும். கண்ணுக்கு அருகே விளக்கை வைப்பவர் தான் பார்க்கும் திசையிலிருந்தே ஒளியை அனுப்புகிறார், அதனால் எல்லா நிழல்களும் பொருள்களுக்குப் பின்னால் போய்விடுகின்றன. கமராவின் பிளாஷில் எடுத்த முகம் தட்டையாகத் தெரிவதும் இதனால்தான். இதில் மோசமான பகுதி என்னவென்றால், ரோச் முன்விளக்கைவிடப் பிரகாசமாக இருந்தால், முன்விளக்கு உண்டாக்கிய நிழலையும் அது நிரப்பி அழித்துவிடும். கூடுதல் வெளிச்சத்தில் குறைவாகத் தெரிவது கேட்பதற்கு முரணாக இருக்கலாம். உடைந்த உள்வீதி ஒன்றில் ரோச்சை ஏற்றியும் அணைத்தும் ஓடிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

ஆனால் இதே அண்மை வேறொரு இடத்தில் பெரும் துணையாகிறது. கட்டாக்காலி மாடுகளின் விழித்திரைக்குப் பின்னால், உள்ளே போன ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. நாய், பூனை, ஆடு ஆகியவற்றுக்கும் உண்டு, மனிதருக்கு இல்லை. இந்தப் படலம் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடாமல், வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. வீதிக் குறியீட்டுப் பலகைகளிலும் வெள்ளைக் கோடுகளிலும் பதித்திருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள் செய்வதும் ஏறத்தாழ இதே வேலை. திரும்பி வரும் ஒளி விளக்கை நோக்கித்தான் வரும், ஆகவே விளக்குக்கு அருகே கண் இருந்தால்தான் அது கண்ணில் படும். 30 மீற்றர் தூரத்தில், முன்விளக்குக்கும் கண்ணுக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ ஒரு பாகை. ஹெல்மெட் ரோச்சுக்கும் கண்ணுக்கும் இடையில் அது பாகையில் ஐந்தில் ஒரு பங்குதான். இந்தச் சிறு வித்தியாசம் போதும்: முன்விளக்கில் மங்கலாக மினுங்கும் மாட்டின் கண்கள், ரோச்சில் இரண்டு நெருப்புத் துண்டுகளாகத் தெரிகின்றன. மாடு நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. முதுகைக் காட்டிக்கொண்டு தாரில் படுத்திருக்கும் கறுப்பு மாட்டுக்கு இந்த அறிவியல் எதுவும் செய்யாது.

மார்கழி, தை மாதத்து விடியற்காலைப் பனியில் கணக்கு மறுபடியும் தலைகீழாகிறது. பனித்துளி ஒவ்வொன்றும் தன்மேல் பட்ட ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி எறியும். முன்விளக்கு கீழே இருக்கும்போது, கண்ணுக்கு மிக அருகில் உள்ள பனி ஒளிபடாமல் இருட்டாகவே இருக்கிறது. நாம் அந்த இருட்டினூடாக அப்பால் உள்ள வெளிச்சத்தைப் பார்க்கிறோம். ரோச் தலையில் இருந்தால் மூக்கின் நுனியிலிருந்தே பனி ஒளிரத் தொடங்கி, வெள்ளைச் சேலையை முகத்துக்கு முன்னால் தொங்கவிட்டதுபோல ஆகிவிடும். ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியில் கீறல்கள் இருந்து, ரோச்சின் பக்க ஒளி அதில் சிறிது பட்டால் இதே விளைவு பனி இல்லாத நாளிலும் வரும். மழைக்குப் பிந்திய இரவுகளில் ஈசல் முகத்துக்கு வந்து மொய்ப்பதைச் சொல்லவே வேண்டாம். பறக்கும் பூச்சிகள் வெளிச்சமான பக்கத்தை வானம் என்று எடுத்து அதற்கு முதுகைக் காட்டப் பார்ப்பதால்தான் விளக்கைச் சுற்றிச் சுழல்கின்றன என்று 2024ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த வானத்தை நெற்றியில் கட்டிக்கொண்டு மெதுவாக ஓடுவது அவ்வளவு சுகமான காரியம் இல்லை.

தலை ஆடுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வீதியின் அதிர்வில் தலை குலுங்கும்போது, காதின் உள்ளே உள்ள சமநிலை உறுப்பு கண்களை எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்வையை அசையாமல் வைத்துக்கொள்கிறது. ரோச்சுக்கு அப்படியொரு உறுப்பு இல்லை. 150 செ.மீ. உயரத்திலிருந்து 30 மீற்றருக்கு அப்பால் விழும்படி சாய்த்த ஒளி, தலை ஒரே ஒரு பாகை மேலே போனால் 46 மீற்றருக்கு ஓடும், ஒரு பாகை கீழே போனால் 22 மீற்றருக்கு வந்துவிடும். அதோடு, நாம் சிறிய கோணத்துக்கு ஒரு பக்கம் பார்க்கும்போது கண்தான் திரும்புகிறது; ஏறத்தாழ 15, 20 பாகைக்கு மேல் போனால்தான் தலை நன்றாகத் திரும்பும். எனவே குவிந்த ஒளியுள்ள ரோச், கண் பார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அலைந்துகொண்டிருக்கும். ஹெல்மெட்டுக்கு விரிந்த, மங்கலான ஒளியே பொருத்தம் என்று நான் முடிவுக்கு வந்ததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் எதிரே வருபவர். வாகன முன்விளக்கின் கண்ணாடியும் பிரதிபலிப்பானும், டிம்மில் போட்ட ஒளியை ஒரு மட்டத்துக்கு மேலே அதிகம் போகவிடாமல் வெட்டிக் கீழே அனுப்பும்படி அமைக்கப்பட்டவை. ரோச்சின் ஒளி வட்டமானது, அதற்கு அப்படி மேல் எல்லை இல்லை. மேலும் எதிரே ஆள் வந்தால் அவர் முகத்தைப் பார்ப்பது மனித இயல்பு. தலையில் விளக்கு இருந்தால் பார்க்கும் ஒவ்வொரு முகத்திலும் ஒளியடிக்கிறோம். 8400 கன்டெலா ரோச் 20 மீற்றரில் நிற்பவரின் கண்ணில் 21 லக்ஸ் ஒளியைக் கொட்டும், அதாவது முழுநிலவைப்போல எண்பது மடங்குக்கு மேல். அந்த ஒளி கண்ணின் உள்ளே சிதறி விழித்திரை முழுவதும் புகைபோலப் பரவும். கண்ணில் புரை வளரும் முதியவர்களுக்கு இது இன்னும் கடுமை. இருளுக்குப் பழகிய கண்ணின் கோல் கலங்கள் ஒளியில் வெளிறிப்போனால் முழுமையாகத் தேற அரை மணித்தியாலம் வரை ஆகும். சைக்கிளில் வந்த ஒரு ஐயா எனக்கு இதை ஒரே வசனத்தில் விளக்கினார்: "தம்பி, கண்ணுக்கை அடிக்காதையும், நான் வாய்க்காலுக்கை விழப்போறன்."

கட்டும் முறைக்கு வருவோம். ஹெல்மெட்டின் வெளி ஓடு அடியைப் பரப்பிக் கொடுக்கிறது. உள்ளே இருக்கும், ரிஜிபோம் என்று நாம் சொல்லும் பொலிஸ்டைரீன் நுரை நசுங்கித் தலையைச் சிறிது சிறிதாக நிறுத்துகிறது. செக்கனுக்கு 7 மீற்றர் வேகத்தில் போய் மோதும் தலை, 3 செ.மீ. நுரை நசுங்கும் தூரத்தில் நின்றால் அது தாங்கும் வேகத்தணிவு புவியீர்ப்பின் 83 மடங்கு. 3 மில்லிமீற்றருக்குள் நின்றால் 830 மடங்கு. ஐரோப்பாவின் ஈ.சீ.ஈ. 22.05 தரநிர்ணயம் அனுமதித்த உச்சம் 275 மடங்கு. ஓட்டுக்கும் வீதிக்கும் நடுவில் ஓர் அலுமினியக் குழாய் இருந்தால், பரவ வேண்டிய அடி ஒரு புள்ளியில் குவிந்து அந்த இடத்து நுரையை மட்டும் முழுவதாக நசுக்கிவிடும். வெளியே நீண்டிருக்கும் பொருள் தாரில் கொழுவிக்கொண்டால் தலையைத் திருகும், மூளைக்குத் திருகல் நேரடி அடியைவிட நல்லதில்லை. அமெரிக்கத் தரநிர்ணயம் ஹெல்மெட்டின் வெளியே விறைப்பான எந்தப் பகுதியும் 5 மில்லிமீற்றருக்கு மேல் நீளக்கூடாது என்கிறது. எவ்வளவு சிறிய ரோச்சும் அதைவிடத் தடிப்பானது.

ஆகவே துளையிட்டு ஆணி முடுக்குவது அறவே கூடாது. தின்னர், பெற்றோல், அசற்றோன் கலந்த பசை ஆகியவை பொலிகாபனேற்று ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கும். விழுந்தால் தானே கழன்று பறக்கும் பிடி வேண்டும்: ஒட்டியுரிக்கும் வெல்க்ரோ நாடா, அல்லது மெல்லிய இறப்பர் வார். நான் முதலில் கட்டிய ரியூப் வார் இந்தச் சோதனையில் தோற்றது. கையால் இழுத்தபோது ஹெல்மெட் தான் வந்தது, ரோச் வரவில்லை. எடையும் கவனிக்க வேண்டியது. 18650 வகை லிதியம் பற்றரி தனியே 45 கிராமுக்கு மேல், அதோடு நசுங்கினால் தீப்பிடிக்கக் கூடியது. ஒற்றை டிரிபிள் ஏ பற்றரியில் எரியும் பேனா ரோச் போதும்.

இப்போது என் ஹெல்மெட்டில் ஒன்றே ஒன்று, இடப்பக்கம், வெல்க்ரோவில் இருக்கிறது. முன்னால் 5 மீற்றரில் நிலத்தில் விழும்படி சாய்த்து, ஒழுங்கைக்குள் நுழையும்போது மட்டும் ஏற்றுவேன், பருத்தித்துறை வீதிக்கு ஏறியதும் அணைத்துவிடுவேன். பேனா ரோச்சின் எடை கழுத்துக்குத் தெரிவதில்லை.

சென்ற மாதம் வல்லை வெளியில், பாலத்துக்குச் சற்று அப்பால், பின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. ஆள் நடமாட்டமில்லாத அந்த வெளியில் ஒரு கையால் ரோச் பிடித்துக்கொண்டு மறு கையால் எதையும் கழற்ற முடியாது. ஹெல்மெட்டைப் போட்டபடி குந்தியிருந்து ரோச்சை ஏற்றினேன். வீதியில் என்னை ஏமாற்றிய அதே நிழலின்மை இங்கே வேறு முகம் காட்டியது: கம்பிகளுக்கு இடையிலும், செயின் மறைப்புக்குப் பின்னாலும், என் விரல்களின் நிழல் எங்கும் குறுக்கே விழவில்லை. பல் வைத்தியரும் காது மூக்குத் தொண்டை வைத்தியரும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொள்வது இதற்காகத்தான். கண் போகும் குழிக்குள் ஒளியும் அதே வழியால் போகிறது. டயரின் பள்ளத்துக்குள் புதைந்திருந்த அரை அங்குல ஓட்டு ஆணியின் தலை பளிச்சென்று தெரிந்தது.