பாட்டியின் கோலமும் பேரனின் தோளும்

எழுபதைக் கடந்த ஒரு பாட்டி, கால் அரிப்புக்காக என் தோல் சிகிச்சை மையத்துக்கு வந்திருந்தார். முன்கையின் உட்புறத்தில் பச்சை குத்திய புள்ளிக் கோலம். கோடுகள் விரிந்து நீலம் பாரித்திருந்தன. "பன்னிரண்டு வயதில் குறத்தி குத்தினாள். கட்டையில் போகும்போது கூட வருவது இது ஒன்றுதானாம்" என்றார். அவருடைய மகளோ, பட்டிக்காட்டு அடையாளம் என்று குத்திக்கொள்ளவே மறுத்துவிட்டாராம். துணைக்கு வந்த பேரனின் தோளில் ஒரு பெண்ணின் பெயர், சிவப்பிலும் பச்சையிலும். ராணுவத் தேர்வுக்குள் அதை அழிக்க வேண்டும் என்றான்.

ராணுவ விதிப்படி, முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிரந்தரப் பச்சைக்கு அனுமதி. பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி தளர்வு உண்டு. ஆக, பாட்டியின் கோலம் தேறிவிடும், பேரனின் தோள் தேறாது!

அந்தக் காலத்து மையைத் தயாரித்த விதத்தை, சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த ஆங்கிலேயர் எட்கர் தர்ஸ்டன் 1906-இல் எழுதி வைத்திருக்கிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே ஊசி தெரு முழுக்கச் சுற்றியதை மறந்துவிட்டு, பழையதெல்லாம் பாதுகாப்பானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1891-இல் அமெரிக்காவில் சாமுவேல் ஓ'ரெய்லி பச்சை குத்தும் மின்கருவிக்குக் காப்புரிமை பெற்றார், வேகம் கூடியது. ஊசி சுத்தமாக இல்லாவிட்டால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் இன்றும் அப்படியே இருக்கிறது. புது ஊசி உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். மையில் குழாய்த் தண்ணீர் கலந்தால் எழுந்து வந்துவிடுங்கள். குத்திய பின் ஓராண்டு ரத்த தானம் கூடாது.

மை தங்குவது மேல்தோலில் அல்ல, அதற்குக் கீழுள்ள அடுக்கில். அங்குள்ள பாதுகாப்பு செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. லேசர் அந்தத் துகள்களை உடைக்கிறது. உடல் சிறிது சிறிதாக அப்புறப்படுத்துகிறது. கறுப்பு ஓரளவு சீக்கிரம் போகும்; பச்சையும் மஞ்சளும் அடம்பிடிக்கும். நம் நிறத்துத் தோலில் வெளிறிய தழும்பு விழவும் கூடும்.

ஒவ்வொரு முறைக்கும் இடையே ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி, குறைந்தது ஆறு முறை என்றேன். தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. பேரன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"அழிக்கும்போதும் வலிக்குமா?" என்று கேட்டார் பாட்டி.

"குத்தியதைவிட" என்றேன்.