ஈயமா, காரீயமா? தண்ணி ரிப்போர்ட்ல வர்ற 'லெட்'டுக்கு சரியான தமிழ்ச் சொல்

வீட்டுக் குடிதண்ணிய டெஸ்ட்டுக்குக் குடுத்திருந்தோம். ரிப்போர்ட்ல 'லெட்'ங்கற வரிக்கு நேரா 0.018னு இருந்துச்சு, பக்கத்துலயே அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்னு போட்டிருந்தாங்க. நான் அத்தைகிட்ட போய் "தண்ணில ஈயம் இருக்காம் அத்தை"ன்னு சொன்னேன். அவங்க கொஞ்சமும் அசரல. "ஈயந்தானப்பா, பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ள பூசுறதே அதான, அது ஒண்ணும் பண்ணாது"ன்னுட்டாங்க. அவங்க சொன்னதுல தப்பே இல்ல, நான் சொன்ன சொல்லுதான் தப்பு.

ஏன்னா தமிழ்ல ஈயம்ங்கறது ஒரு உலோகத்தோட பேரு இல்ல, ரெண்டுக்கும் பொதுப் பேரு. பாத்திரத்துல பூசுறது வெள்ளீயம், இங்கிலீஷ்காரங்க 'டின்'னு சொல்றது, வேதியியல்ல அணு எண் 50. தண்ணில வந்தா பயப்பட வேண்டியது காரீயம், அதான் லெட், அணு எண் 82. 'கார்'னா கருப்பு, கார்மேகம் காரிருள்ல வர்ற அதே கார்தான். காரீயத்த புதுசா வெட்டினா பளபளன்னு நீலம் கலந்த வெள்ளையா இருக்கும், ஆனா காத்துப்பட்டா கொஞ்ச நேரத்துலயே மங்கி கருத்துப் போயிடும், வெள்ளீயம் அப்படி சீக்கிரம் மங்காது, நம்ம ஆளுங்க அதப் பார்த்துத்தான் பேரு வச்சிருப்பாங்க. சித்த மருத்துவத்துல இதே ஜோடிய கருவங்கம், வெள்வங்கம்னு சொல்லுவாங்க. ஆச்சரியமா லத்தீன்லயும் இதே கதைதான், காரீயத்துக்கு 'பிளம்பம் நைக்ரம்', அதாவது கருப்பு ஈயம், வெள்ளீயத்துக்கு 'பிளம்பம் ஆல்பம்', வெள்ளை ஈயம். ஒட்டுறவே இல்லாத ரெண்டு மொழி ஒரே மாதிரி யோசிச்சிருக்கு பாருங்க.

அந்த பிளம்பம்ல இருந்துதான் காரீயத்தோட வேதியியல் குறியீடு 'பிபி' (Pb) வந்துச்சு, 'பிளம்பர்'ங்கற சொல்லும் வந்துச்சு. பிளம்பர்னா அப்ப குழாய் ரிப்பேர்காரர் இல்ல, காரீய வேலை செய்றவர். ரோமானியங்க தண்ணிக் குழாய காரீயத்துலதான் செஞ்சாங்க, மென்மையான உலோகம், 327 டிகிரிலயே உருகிடும், தகடா வார்த்து உருட்டினா குழாய் ரெடி. கி.மு. 1ஆம் நூற்றாண்டுலயே விட்ருவியஸ்னு ஒரு கட்டடக் கலைஞர், காரீய வேலை செய்றவங்க உடம்பு வெளுத்துப் போறதப் பாருங்க, மண் குழாய்ல வர்ற தண்ணிதான் நல்லதுன்னு எழுதி வச்சுட்டாரு. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி சொன்னது, இதப் படிச்சப்போ எனக்கு மனசே ஆறல.

ஈயம்ங்கற சொல்லோட வேர் பத்தியும் சொல்லணும். சமஸ்கிருத 'சீச'ங்கற சொல்லுல முன்னாடி சகரம் உதிர்ந்து ஈயம் ஆயிருக்கும்னு ஒரு கருத்து உண்டு, 'ச்ராவண' ஆவணி ஆன மாதிரி. மலையாளத்துலயும் ஈயம்தான், தெலுங்குல சீசமு. அது எப்படி இருந்தாலும் கார், வெள் ரெண்டும் அசல் தமிழ், பிரிச்சுச் சொல்ற வேலைய செய்றதும் அதுங்கதான்.

பென்சிலப் பத்தி ஒரு வார்த்தை. பென்சிலுக்குள்ள இருக்கறது கிராஃபைட், அதாவது கார்பன், அத முதல்ல பார்த்தவங்க ஒரு வகை காரீயம்னு நினைச்சதால இன்னமும் 'பென்சில் லெட்'னே பேரு. தமிழ்லயும் சிலர் கிராஃபைட்ட காரீயம்னு எழுதிடறாங்க, அதத் தவிர்த்துட்டு கிராஃபைட்டுன்னே எழுதுறது நல்லது.

சரி, தண்ணிக்குள்ள இது எப்படி வருது? பெரும்பாலும் ஆத்துலயோ கிணத்துலயோ இருந்து வர்றதில்ல, வர்ற வழியில சேருது. பழைய காரீயக் குழாய், செப்புக் குழாய் ஜாயின்ட்ல வச்ச பற்றாசு (சால்டருக்குத் தமிழ்ல இதான் சொல்லு, பழைய பற்றாசுல வெள்ளீயமும் காரீயமும் பாதிக்குப் பாதி), லேத்துல கடையறதுக்குச் சுலபமா இருக்கணும்னு காரீயம் கலந்த பித்தளைக் குழாய், சில பழைய பிவிசி பைப்புல சேர்த்த காரீய உப்பு. தண்ணி ராத்திரி முழுக்க இதுக்குள்ள அசையாம நின்னா கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு எடுத்துக்கும், அமிலத்தன்மை இருந்தா இன்னும் வேகமா. 2014ல அமெரிக்காவுல ஃபிளின்ட் நகரத்துல ஆத்துத் தண்ணிக்கு மாத்தினப்போ குழாய் அரிப்பத் தடுக்கற மருந்த சேர்க்காம விட்டாங்க, பழைய குழாய்ல இருந்த காரீயம் வீட்டுக்கு வீடு வந்துடுச்சு.

இதுக்கு ருசி கிடையாது, வாசனை கிடையாது, கலங்கலும் தெரியாது. நிறைய பேர் டிடிஎஸ் மீட்டர (தண்ணில கரைஞ்ச உப்பு மொத்தம் எவ்வளவுன்னு காட்டற கருவி) விட்டுப் பார்த்துட்டு 60தான் காட்டுது தண்ணி சூப்பர்னு சொல்றாங்க, அந்த மீட்டர் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஒரு மில்லிகிராமா எண்ணுது, காரீயத்தோட வரம்பு அதுல நூத்துல ஒரு பங்கு, எப்படிங்க காட்டும்? சொல்லப்போனா உப்பு கம்மியான மென்மையான தண்ணிதான் குழாய அதிகமா அரிக்கும். கொதிக்க வச்சாலும் போகாது, தண்ணி ஆவியாகறதால மிச்சத்துல அளவு கூடத்தான் செய்யும்.

உடம்புக்குள்ள போனா இது கால்சியம் வேஷம் போடுது. எலும்பும் பல்லும் கால்சியம்னு நினைச்சு வாங்கி வருஷக்கணக்கா வச்சுக்கும், கர்ப்ப காலத்துல எலும்புல இருந்து கால்சியம் கரையும்போது இதுவும் கூடவே வெளிய வந்து பிள்ளைக்குப் போகும். பெரியவங்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு. குழந்தைங்களுக்குத்தான் ரொம்ப மோசம், வாய்வழியா போறதுல பெரியவங்கள விட 4, 5 மடங்கு உள்ள இழுத்துக்குவாங்க, மூளை வளர்ச்சியும் படிக்கற திறமையும் குறையும், இந்த அளவு வரைக்கும் பரவால்லன்னு சொல்ற மாதிரி ஒரு அளவே கிடையாது. வெள்ளீயத்த குடல் அவ்வளவா உறிஞ்சாது, அத்தை பயப்படாததுக்கு அதான் காரணம். ஆனா பூசறவங்க வெள்ளீயத்தோட காரீயத்தக் கலந்துட்டா அங்கயும் ஆபத்துதான், ஈயம்னு மொட்டையா கேட்டு வாங்குனா இது தெரியவே தெரியாது.

அதனால ரிப்போர்ட் எழுதறவங்க, செய்தி எழுதறவங்க, ஸ்கூல் பாடம் எழுதறவங்க எல்லாருக்கும் என் வேண்டுகோள், லெட்டுக்கு காரீயம்னே எழுதுங்க. காரீயக் குழாய், காரீய நச்சு, காரீயம் கலக்காத பற்றாசு, எல்லாமே சரளமா வருது. காரீயம் மாதிரி உலோகங்களச் சேர்த்துச் சொல்ற 'ஹெவி மெட்டல்'க்கு கன உலோகம் சரி, 'கடின உலோகம்' வேண்டாம், கடின நீரோட போட்டுக் குழப்பிக்குவாங்க. குழாய்ல 'லெட் ஃப்ரீ'ன்னு இருந்தா அதுக்கும் காரீயம் சுத்தமா இல்லன்னு அர்த்தம் இல்ல, அமெரிக்க விதில தண்ணி படற பாகத்துல சராசரியா 0.25 சதவீதம் வரைக்கும் இருக்கலாம், 2014க்கு முன்னாடி 8 சதவீதம் வரைக்கும் விட்டிருந்தாங்க.

எங்க வீட்டுல மறுபடி ரெண்டு பாட்டில் எடுத்தோம். ஒண்ணு காலைல முதல்ல திறந்ததும் வந்த தண்ணி, இன்னொண்ணு அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு எடுத்தது. முதல் பாட்டில்லதான் அளவு தாண்டி இருந்துச்சு, ரெண்டாவது வரம்புக்குள்ள, அப்ப கோளாறு வெளிய இல்ல, சமையலறைக் குழாய்லயும் அது பக்கத்து ஜாயின்ட்லயும்தான். ஜாயின்ட்ல சாவியால லேசா கீறிப் பார்த்தேன், மேல கருப்பா இருந்துச்சு, கீறின கோட்டுல மட்டும் வெள்ளியா மின்னுச்சு. அத்தை எட்டிப் பார்த்துட்டு "இதச் சொல்றியா, இது காரீயம்ல, இத எவன் தண்ணில வச்சான்"ன்னு கேட்டாங்க.