மைனஸ் ஐம்பதில் சுட வேண்டிய துப்பாக்கி

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. கனடாவின் வடகோடியில், மைனஸ் 40 டிகிரியில், துப்பாக்கிக்குள் போட்ட எண்ணெயும் ஏறக்குறைய அப்படித்தான் மக்கர் செய்யும்.

விசையை இழுத்ததும் ஓர் ஊசி ஸ்பிரிங் வேகத்தில் பாய்ந்து தோட்டாவின் அடியிலுள்ள பொட்டைக் குத்த வேண்டும். தீபாவளிப் பொட்டுவெடி மாதிரிதான்: ஓங்கி அடித்தால் வெடிக்கும், லேசாகத் தட்டினால் சும்மா கிடக்கும். ஊசியைச் சுற்றி எண்ணெய் பசையாகிவிட்டால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். எதிரே துருவக் கரடி நின்றால் அந்தச் சத்தம் யாருக்கும் பிடிக்காது. அதனால் பனிக்காலம் தொடங்கும் முன்பே அனுபவசாலிகள் போல்ட்டை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டை, கழற்றி எண்ணெயை முழுக்கத் துடைத்து எடுத்துவிடுவார்கள். வேண்டுமானால் கொஞ்சம் கிராஃபைட் தூள், அவ்வளவுதான்.

சரி, எந்த வகைத் துப்பாக்கி? தானாகத் தோட்டா மாற்றிக்கொள்ளும் ரகம், சுடும்போது வெளிப்படும் சக்தியில் ஒரு பங்கைக் கடன் வாங்கித்தான் அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. குளிரில் வெடிமருந்து எரியும் வேகம் குறைவதால் கிடைக்கும் சக்தியும் குறைகிறது. மிச்சத்தைக் கெட்டியான எண்ணெய் தின்றுவிடும். கையால் இழுக்கும் போல்ட் ரைஃபிளுக்கு இந்தக் கடனே கிடையாது. கைப்பிடியைத் தூக்கும்போது உள்ளே ஒரு சரிவான விளிம்பு நெம்புகோல்போல இயங்கி, குழலில் ஒட்டிக்கொண்ட வெற்றுத் தோட்டாவையும் பெயர்த்துவிடுகிறது.

கனேடியன் ரேஞ்சர்ஸ் என்ற வடபகுதிக் காவல் படை 1947 முதல் சுமார் 70 ஆண்டுகள் லீ-என்ஃபீல்ட் என்ற போல்ட் ரைஃபிளையே தோளில் சுமந்தது. ஆமாம், நம் ஊர் போலீஸ்காரர்கள் வைத்திருந்த 'த்ரீ நாட் த்ரீ'யின் குடும்பம்தான். கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையிடம் முதல் உலகப் போர் காலத்து 1917 மாடல் போல்ட் ரைஃபிள் பல பத்தாண்டுகள் இருந்தது! பழைய சாமானின் மேல் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் கெட்டுப்போகப் பெரிதாக எதுவும் இல்லை.

2018இல் ரேஞ்சர்களுக்கு வரத் தொடங்கிய சி19 துப்பாக்கியும் போல்ட் ரகம்தான். பின்லாந்தின் சாகோ வடிவமைத்தது, கனடாவில் தயாரானது. மைனஸ் 51 டிகிரியிலும் இயங்க வேண்டும் என்பது நிபந்தனை. துருப்பிடிக்காத எஃகுக் குழல், தடித்த கையுறையோடு விரல் நுழையும் அளவுக்கு அகலமான விசை வளையம், பெரிய போல்ட் குமிழ். தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டை, மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்தது. ஒரே மரத்தில் கடைந்த கட்டை ஈரத்தில் ஊதி, குழலை அழுத்திக் குறியைத் தள்ளிவிடும். ஒட்டுக்கட்டை அந்த அளவுக்கு அசையாது.

குறி என்றதும் நினைவுக்கு வருகிறது: குளிரில் குண்டின் வேகம் குறைவதால் தொலைவில் சற்றுத் தாழ்ந்தே விழும். வெயில் நாளில் சரிபார்த்த குறியை நம்பக்கூடாது.

என்னைக் கேட்டால், குளிரைவிட ஆபத்து கதகதப்பான அறைதான். உறைந்த இரும்பை உள்ளே கொண்டுவந்தால் ஐஸ் தண்ணீர் டம்ளர்போல வியர்க்கும். மறுபடி வெளியே போனதும் அந்த நீர் போல்ட்டுக்குள் பனிக்கட்டியாகிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அப்போது போல்ட் அசையாது. அதனால்தான் வடக்கே வேட்டைக்காரர் அடுப்பருகே காலை நீட்டி உட்கார்ந்திருக்க, தோட்டாவை வெளியே எடுத்துவிட்ட அவருடைய துப்பாக்கி சூடேற்றாத வெளி அறையில் பூட்டப்பட்டுக் கிடக்கிறது.