மூளையில் விரியும், நுரையீரலில் சுருங்கும்

மயக்க மருந்து கொடுக்கிறவருக்கு மானிட்டரில் ஓடும் கேப்னோகிராஃப் கோடு ரொம்ப முக்கியம். நோயாளி மூச்சை வெளியே விடும்போதெல்லாம் ஒரு மேடு எழும்பி இறங்கும், பக்கத்தில் ஓர் எண் வரும். வெளிமூச்சில் கரியமில வாயு எவ்வளவு என்று சொல்லும் எண் அது. ஒருமுறை மூளை அறுவை சிகிச்சைக்கு நடுவில், மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே சர்ஜன் கேட்டார்: "மூளை புடைச்சு நிக்குது, சிஓடூ எவ்வளவு?" 44. வெண்டிலேட்டரில் மூச்சு எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டினேன். எண் 34-க்கு இறங்கிய சில நிமிடங்களில், "இப்ப பரவாயில்லை" என்றார். புதிதாக ஒரு மருந்தும் ஏற்றவில்லை. கரியமில வாயு குறைந்ததும் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கின, அவ்வளவுதான்.

தமனி ரத்தத்தில் இந்த வாயுவின் அழுத்தம் சாதாரணமாக 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம். அதில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ, மூளைக்குப் போகும் ரத்தமும் கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடும், குறையும். வாயு ரத்தக்குழாயைத் தாண்டி வெளியே கசிந்து, அங்குள்ள நீரோடு சேர்ந்து அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. குழாய்ச் சுவரின் தசை தளர்ந்து, குழாய் விரிகிறது. வாயு குறைந்தால் இதற்கு நேர்மாறு. மண்டை ஓட்டுக்குள் இடம் அளவானது என்பதால், குழாய்கள் சுருங்கினால் மூளைக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆனால் இந்த வித்தை சில மணி நேரத்துக்குத்தான். மூளையைச் சுற்றியுள்ள திரவம் அமிலத்தைச் சமன்செய்யும் தன் பைகார்பனேட் உப்பைச் சரிசெய்துகொண்டதும் பலன் மங்கிவிடும். ரொம்ப இறக்கினால் மூளைக்கே ரத்தம் போதாமல் போகும்.

நுரையீரலின் கணக்கு வேறு. காற்று சரியாகப் போகாத மூலைக்கு ரத்தத்தை அனுப்பி என்ன பயன்? அதனால் அங்கே ஆக்சிஜன் குறைந்தால் குழாய் சுருங்கும், கரியமில வாயுவும் அமிலமும் கூடினால் இன்னும் இறுகும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் இந்த இறுக்கம் வருடக்கணக்கில் நீடித்து, இதயத்தின் வலது பக்கம் களைத்துப்போவதைப் பார்க்கிறோம்.

தோலில், மூளையைப்போலவே, வாயு கூடினால் குழாய் விரியும். வாயு தேங்கிய நோயாளியின் கையைப் பிடித்தாலே கதகதப்பாக இருக்கும், நாடி துள்ளும். ஆனால் இதே வாயு, ஆபத்தில் உடலை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்புகளையும் உசுப்பிவிடும், அவை குழாய்களை இறுக்கப் பார்க்கும். அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தில் அந்த நரம்புகளின் கைதான் ஓங்கும், ரத்த ஓட்டம் குறையும்.

சரி, வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் என்ன? ஒரு இரவு அவசரப் பிரிவுக்கு ஓர் இளம்பெண்ணைத் தூக்கி வந்தார்கள். பதற்றத்தில் வேக வேகமாக மூச்சு, வாயைச் சுற்றி மரமரப்பு, விரல்கள் குவிந்து மடங்கிவிட்டன. "தலை சுத்துது டாக்டர்" என்றாள். சுற்றத்தான் செய்யும், வாயு மளமளவென்று வெளியேறி மூளையின் குழாய்கள் சுருங்கியிருந்தன. கூட வந்தவர், விட்ட மூச்சையே திரும்ப இழுக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவரை அவள் வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். முதலில் அதைப் பிடுங்கினேன். மாரடைப்பிலும், ஆஸ்துமாவிலும், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தாலும் மூச்சு இப்படித்தான் வாங்கும். அப்போது மூக்கையும் வாயையும் மூடினால் இருக்கிற ஆக்சிஜனும் போய்விடும். பரிசோதனையில் வேறு கோளாறு இல்லை. உட்காரவைத்து, என்னோடு சேர்ந்து மெதுவாக மூச்சு விடச் சொன்னேன். கால் மணி நேரத்தில் விரல்கள் விரிந்தன.

இன்னொன்று, காலைத் தலைவலி. நுரையீரல் நோய் உள்ளவரோ, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவரோ தினமும் தலைவலியோடு எழுந்தால், இரவில் வாயு தேங்கி மூளையின் குழாய்கள் விரிவது காரணமாக இருக்கலாம். மாத்திரையைப் போட்டுச் சமாளிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு, "பாவம், மூச்சு வாங்குது" என்று குமிழைத் திருகிக் கூட்டுபவர்கள் உண்டு. வாயு தேங்கும் சுபாவம் உள்ளவர்களுக்கு ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவுக்கு நாங்கள் பொதுவாக வைக்கும் இலக்கே 88 முதல் 92 சதவீதம்தான். ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால், இறுகியிருந்த நுரையீரல் குழாய்கள் திறந்து, காற்று சரியாகப் போகாத பகுதிக்கு ரத்தம் ஓடும். தேங்கும் வாயு இன்னும் ஏறும். அப்புறம் ஆள் அசதியாகத் தூங்குவதுபோல் இருக்கும், எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார்.